மாலேயில் இன்னும் வெயில்

அத்தியாயம் 9

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் அசையாமல் நின்றன. மங்களேஸ்வரியின் வலது கன்னமும் அப்படித்தான் நின்றது. மத்தியானத்துக்குப் பிறகு பல் பிடுங்கிய டொக்டர் போட்ட ஊசி, கன்னத்தையும் உதட்டையும் நாக்கில் பாதியையும் அவளிடமிருந்து பறித்துக்கொண்டு போயிருந்தது. விறைப்பு விடும்வரை பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“அப்ப மிஸ்ஸுக்கும் இன்டைக்கி நோன்பு,” என்றான் ஷிராஸ், த்ரீவீலின் கண்ணாடியில் அவளைப் பார்த்து. “நிய்யத்து வெக்காத நோன்பு. நன்ம கெடைக்காது, பசி மட்டும் கெடைக்கும்.”

அவள் கண்ணாடியில் அவனை முறைத்தாள். பேசினால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் பொய்யைப் பிடிப்பதற்கென்றே ஒரு காப்புறுதிக் கம்பனியில் கால் நூற்றாண்டு சம்பளம் வாங்கியவள் மங்களேஸ்வரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, குண்டசாலையில் வீடு எடுத்து, இப்போது லோயர்மாருக்காகத் துப்புத் தேடிக் கொடுக்கிறாள். ஷிராஸ் அவளுடைய சாரதி. அவள் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவளுடைய வாயும் அவன்தான். இன்றைக்கு அவனுக்கு முழுநேர வேலை.

வழக்கு சின்னது. கேட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சீமெந்தும் கம்பியும் தகரமும் விற்கிற ஜவாஹிர் ஹாஜியார், நோன்பு துறந்த கையோடு, தெருவே வீட்டுக்குள் போய்விட்ட நேரத்தில், தன் கடையின் உள்படிக்கட்டுக்குக் கீழே மண்டை உடைந்து செத்துப்போனார். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்தவன் யுகேஷ். கடையில் மூட்டை சுமக்கிறவன், வத்தேகமைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். முதுகு முழுக்க இரத்தம். அன்று காலையில் முதலாளியோடு அவன் வாய்த்தர்க்கப்பட்டதைக் கடைவாசலில் நின்றவர்கள் கேட்டிருந்தார்கள். தோள் விலகிக் கிடக்கிறது, ஒற்றை ஆளாக லொறி இறக்க ஏலாது என்று சொல்லியிருக்கிறான். பொலிசுக்கு அது போதுமாக இருந்தது.

தேத்தண்ணி குடிக்கப் போனேன், திரும்பி வந்தேன், முதலாளி கிடந்தார், தூக்கினேன். யுகேஷ் சொன்னது அவ்வளவுதான். மூட்டை தூக்கிப் பழகியவன் மனிதனையும் மூட்டையைப் போலத்தான் தூக்குவான். தலை பின்னால் தொங்கும், இரத்தம் அவன் முதுகில் வடியும். கொன்றவன் பிணத்தைச் சுமந்துகொண்டு சந்திக்கு ஓடி வரமாட்டான். இதையெல்லாம் லோயர் ஸ்ரீஸ்கந்தராசா நீதவானிடம் சொன்னார். நீதவான் கேட்டுக்கொண்டார். யுகேஷ் விளக்கமறியலுக்குப் போனான்.

நாளைக் காலை வழக்கு மறுபடி கூப்பிடப்படுகிறது. வேறொரு ஆளைக் காட்ட நியாயமான காரணம் ஒன்று கையில் இல்லாவிட்டால், கொலை அவன் பெயரிலேயே ஒட்டிப்போகும். பிறகு வருடக்கணக்கு. காலையில் சிறைவாசலில் அவன் பெண்சாதி சஞ்சீவனியைக் கண்டபோது அவள் அழவில்லை. கையில் சோற்றுப் பொட்டலம் இருந்தது. சாப்பிடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

“தோளு எறங்கிப் போயிருக்குங்க மிஸ். கேட்டா வலிக்கலங்கிறாரு,” என்றாள். “வலிக்குதுன்னு சொன்னாக்கூட எனக்கு இவ்வளவு பயமா இருக்காது.”

அந்த வேறொரு ஆளாக மங்களேஸ்வரியின் மனதில் இருந்தது ஒரே ஒருவன்: பஹீம், ஜவாஹிர் ஹாஜியாரின் மூத்த மகன், மாலைதீவில் ஹோட்டல் வேலை. தகப்பன் மௌத்தான செய்தி அவனுக்குப் போனது இரவு. விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு ஊர் எழும்புவதற்கு முன்பே பெட்டியோடு வீட்டு வாசலில் நின்றிருக்கிறான். கடல் கடந்து வந்தவனுக்கு அது கொஞ்சம் கெதியாகப்பட்டது அவளுக்கு.

பாஸ்போட்டைப் பார்த்தால் முடிந்துவிடுமே என்று ஷிராஸ் கேட்டிருந்தான். முடியும். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த மகனிடம் பாஸ்போட்டைக் காட்டு என்று பொலிஸ் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நீதவான் உத்தரவிட வேண்டுமென்றால், ஏன் என்று லோயர் ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைத் தேடித்தான் இந்த ஓட்டம்.

பாலம் தாண்டியதும் நிஸாமின் டிக்கட் கடை. உம்றா யாத்திரைக்கும் மாலைதீவு வேலைக்கும் ஆட்களை ஏற்றி அனுப்பியே கண்ணாடிக் கதவு போட்டவன் நிஸாம். ஷிராஸோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாக அடி வாங்கியவன்.

கட்டுநாயக்கவிலிருந்து மாலே விமானத் தளத்துக்கு எழுநூற்றெழுபது கிலோமீட்டர் அளவில் வரும், ஒன்றரை மணித்தியாலம் என்றான் நிஸாம். தந்த சாப்பாட்டை மென்று முடிக்க முந்தி இறக்கிவிடுவார்களாம்.

“ஆனா மணிக்கூட்டுல ஒரு வெளயாட்டு ஈக்கி,” என்றான். “அவங்கட மணி நம்மடதுக்கு அர மணித்தியாலம் பின்னுக்கு. இங்க ஏழுக்கு ஏறினா அங்க எட்டுக்கு எறங்குவீங்க. ஒரு மணித்தியாலத்துல பறந்துட்டன் எண்டு ஊருக்கு கோல் எடுத்து பீத்துவானுகள். திரும்பி வரக்க அந்த அர மணிய புடுங்கிருவான்.”

“சும்மா தந்தத எல்லாரும் திருப்பிப் புடுங்கத்தான் செய்றான். என்ட பொஞ்சாதிட உம்மா தந்த பிரிட்ஜும் அப்படித்தான்,” என்றான் ஷிராஸ்.

மங்களேஸ்வரி கோணல் வாயால் ஒரே கேள்வி கேட்டாள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மாலேயில் செய்தி கிடைத்தவன் விடியமுன் கண்டிக்கு வந்து சேரலாமா? நிஸாம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். ராத்திரியில் ஒரு ஃப்ளைட் இருக்கிறது. நடுச்சாமம் தாண்டி கட்டுநாயக்கவில் இறங்கி, வேன் பிடித்தால் ஸஹருக்கு முன்னம் கண்டி. கஷ்டம்தான், ஆனால் முடியும்.

முடியும். தூரம் பொருந்தியது, நேரமும் பொருந்தியது. வெளியே வந்து த்ரீவீலில் ஏறும்போது அவளுக்கு ஏமாற்றம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊசி கன்னத்தோடு நிற்காமல் உள்ளேயும் இறங்கிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டாள்.

ஷிராஸ் தன் பங்குக்கு இன்னொரு கதவையும் சாத்தினான். பஹீமுடைய தங்கச்சி ஜஹானா பொலிசில் சொன்னது ஒன்று இருந்தது. பாங்கு சொல்லும் நேரம் நானா, அதாவது அண்ணன் பஹீம், மாலேயிலிருந்து இன்டர்நெட் கோலில் இருந்தார், பேசிக்கொண்டேதான் நோன்பு துறந்தோம் என்று. ஷிராஸ் கைபேசியில் தொழுகை நேரத்தைத் தேடினான். மாலேயில் மஃரிப், சூரியன் மறையும் நேரத்துப் பாங்கு, ஆறேகாலும் சொச்சமும். கண்டியிலும் ஆறேகாலும் சொச்சமும்.

“அதுவும் பொருந்துது மிஸ்,” என்றான். “இந்த மனுசன்ட கதையில ஒரு ஓட்டையும் இல்ல. என்ட சாரத்துலகூட ரெண்டு ஈக்கி.”

இனிப் போக இடம் ஒன்றுதான் இருந்தது. காலையில் ஜஹானாவே கோல் எடுத்திருந்தாள். அன்டி, இன்டைக்கி நோன்பு துறக்க ஊட்டுக்கு வாங்க என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். தகப்பனைக் கொன்றவன் என்று ஊர் சொல்கிறவனுக்காக அலைகிற ஆளை, செத்த வீட்டுப் பிள்ளை ஏன் கூப்பிடுகிறாள் என்பது மங்களேஸ்வரிக்குப் பிடிபடவில்லை.

வழியெல்லாம் ஷிராஸ் தன் மச்சானைத் திட்டிக்கொண்டு வந்தான். கொழும்பு மச்சான் நேற்று வீட்டுக்கு வந்திருக்கிறான். நம்ம பள்ளியில் பாங்கு சொல்லி, ஷிராஸ் கஞ்சிக் கோப்பையில் கை வைத்தபிறகும் மச்சான் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறான். கொழும்புப் பாங்கு இன்னும் கேட்கவில்லையாம்.

“அங்க சூரியன் மூணு நிமிஷம் லேட்டாத்தான் போகுமாம் மிஸ். அதுக்கு கண்டியில குந்திட்டு ஏன் பட்டினி கெடக்கணும்? பெரிய எடத்து சூரியன்.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மகாவலி மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஹாஜியாரின் வீடு கடைக்குப் பின்னால், பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே இருந்தது. கதவைத் திறந்தவன் பஹீம். மெலிந்த ஆள், தாடி ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. அவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியும். ஒரு கணம் வாசலை மறைத்துக்கொண்டு நின்றான். பிறகு நகர்ந்து வழிவிட்டான்.

“நோன்பு துறக்க வந்த ஆள திருப்பி அனுப்புற பழக்கம் இந்த ஊட்டுல இல்ல. வாங்க மெடம், இரிங்க,” என்றான்.

மேசையில் கஞ்சிக் கோப்பைகளும் ரோல்ஸும் ஈத்தம்பழத் தட்டும் இருந்தன. தலைப்பக்கத்துக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. ஜஹானா இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. மங்களேஸ்வரிக்கு முன்னாலும் ஒரு கோப்பையை வைத்தாள். மங்களேஸ்வரி கன்னத்தைத் தொட்டுக் காட்ட, விளங்கியதுபோலத் தலையை அசைத்துவிட்டு எதிரே இருந்தாள். அவள் முகத்தில் எதுவும் ஓடவில்லை. இன்றைக்குப் பாதி முகத்தோடு திரிகிறவளுக்கு அது எப்படிப்பட்ட முகம் என்று தெரிந்தது.

பாங்கு எழுந்தது. பாங்கு சொல்கிற மோதினாருக்குத் தடிமனும் இருமலும். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, ஒலிபெருக்கி அதிர இருமிவிட்டுத் தொடர்ந்தார். பஹீம் துஆவை முணுமுணுத்து ஈத்தம்பழத்தை வாயில் போட்டான். ஷிராஸ் இரண்டு போட்டான். ஜஹானா பழத்தை விரலில் பிடித்தபடி இருந்தாள்.

“அன்டைக்கும் இப்படித்தான் அன்டி,” என்றாள், மங்களேஸ்வரியை நேராகப் பார்த்து. “பாங்கு செல்லக்க நானா போன்ல ஈந்தாரு. ரெண்டு பேரும் ஒரே நேரம்தான் துறந்தோம்.”

பஹீம் சிரிக்கப் பார்த்தான். நோன்பு காலத்தில் அது ஒரு வசதி என்றான். அங்கேயும் ஆறேகாலுக்குத்தான் பாங்கு, இங்கேயும் ஆறேகாலுக்குத்தான். கடல் நடுவில் இருந்தாலும் வீட்டோடு சேர்ந்து துறக்கிற மாதிரி.

ஷிராஸ் வாய் நிறைய ரோல்ஸோடு தலையாட்டினான். கைபேசியும் அதைத்தானே சொன்னது. பிறகு அவன் தலை பாதியில் நின்றது. மெல்லுவதும் நின்றது. மங்களேஸ்வரி அவனைப் பார்த்தாள். பத்து வருடத்தில் அவன் வாய் தானாக நின்றதை அவள் கண்டது இதுதான் முதல் தடவை. அவன் எங்கே போய் நிற்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. மூன்று நிமிஷம் பட்டினி கிடந்த மச்சானிடம்.

விறைத்த உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்:

“ஆறேகால் எண்டுறீர் தம்பி. ஆற்றை மணிக்கூட்டில? இஞ்சத்தையோ, மாலேயின்ரையோ?”

பஹீமின் கை கஞ்சிக் கோப்பையில் இருந்தது. எடுக்கவுமில்லை, வைக்கவுமில்லை.

அவள் சுருக்கமாகச் சொன்னாள். நீளமாகச் சொல்ல வாய் இடம் தரவில்லை. இந்த ஊருக்கும் கொழும்புக்கும் நடுவிலேயே சூரியனுக்கு மூன்று நிமிஷம் வேண்டியிருக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து மாலேக்கு ப்ளேன் ஒன்றரை மணித்தியாலம் பறக்கிற தூரம். அந்தத் தூரத்தைக் கடக்கச் சூரியனுக்கும் அரை மணிக்குக் கிட்டப் பிடிக்கும். அவர்கள் மணிக்கூட்டை அரை மணி பின்னால் வைத்திருப்பதால் இரண்டு இடத்திலும் முள் ஆறேகாலில் நிற்கிறது. முள் ஒன்றுதான். பொழுது வேறு. இங்கே பாங்கு சொல்லும்போது மாலேயில் இன்னும் வெயில்.

“அந்த வெயில்ல ஒரு மனுசன் நோன்பு துறக்க மாட்டான் மிஸ்,” என்றான் ஷிராஸ். குரலில் பகிடி இல்லை. “ஸஹர்லருந்து பட்டினி கெடந்துட்டு கடசி அர மணியில முறிக்கிறதுக்கு யாரு ஈக்கா? என்ட மச்சான் மூணு நிமிஷத்துக்கே அசையல்ல.”

பஹீம் விடவில்லை. பிழையாகத் துறந்திருப்பேன் என்றான். கைபேசியில் இலங்கை மணி நின்றிருக்கும், களைப்பில் பார்த்திருக்க மாட்டேன் என்றான். சொல்லச் சொல்ல அவன் யாரிடமும் பேசாமல் ஈத்தம்பழத் தட்டிடம் பேசிக்கொண்டிருந்தான். ஆனாலும் அது ஒரு பதில். நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய பதில். மங்களேஸ்வரிக்கு அது தெரிந்தது. தன் கையில் இருப்பது லோயருக்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“முந்தின நோன்புக்கெல்லாம்,” என்றாள் ஜஹானா, “நாங்க கஞ்சி குடிச்சி, தொழுது, கோப்ப கழுவக்கதான் நானா கோல் எடுப்பாரு. இப்பதான் இங்க பாங்கு செல்லிச்சி எண்டு செல்வாரு. வாப்பா சிரிப்பாரு. இந்த வருஷம்தான் சேந்து துறந்தோம். நான் ஏன் எண்டு கேக்கல்ல. சந்தோசமா ஈந்திச்சி.”

“ஜஹானா,” என்றான் பஹீம்.

அவள் நிறுத்தவில்லை. குரல் உயரவும் இல்லை, கஞ்சி ஆறுகிறது என்று சொல்கிற குரல்தான் அது. “அன்டைக்கி ஒரு காதுல போன். மத்தக் காதுல நம்ம பள்ளி. மோதினாருக்கு அன்டைக்குத்தான் தடிமன் தொடங்கிச்சி. நடுவுல இருமினாரு. போன்லயும் இருமினாரு.”

வெளியே யாரோ பள்ளிக்கு ஓடிப்போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

அப்படியென்றால் தூரமும் நேரமும் மணிக்கூடும் போட்ட கணக்கெல்லாம் இந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. வாப்பாவின் ஜனாஸாவை வீட்டிலிருந்து தூக்குவதற்கு முன்பே அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு இத்தனை நாள் நானாவுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

“அதுக்குத்தானோ பிள்ளை எங்களைக் கூப்பிட்டனீர்?”

“எனக்கு செல்ல ஏலாம ஈந்திச்சி அன்டி. வேற யாராவது கண்டுபிடிச்சா நான் செல்லாமலே முடிஞ்சிரும் எண்டு பாத்தன்.” அவள் விரலில் இருந்த பழத்தைப் பார்த்தாள். “யுகேஷ் தோள் வெலகின ஆளு. வாப்பாவ அந்தத் தோள்லதான் தூக்கிட்டு வந்தான். நான் ஜன்னல்ல நிண்டு பாத்தன்.”

பஹீம் எழுந்து உள்ளே போனான். ஷிராஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்ப, மங்களேஸ்வரி இரு என்று கை காட்டினாள். அலுமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம். திரும்பி வந்தவன் பாஸ்போட்டை ஈத்தம்பழத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கட்டுநாயக்கவில் வந்திறங்கிய கடைசி முத்திரை போன வருடத்து மழைக் காலத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் எந்தக் கடலையும் கடக்கவில்லை.

பிறகு அவன் சொன்னதெல்லாம் அளவாகத்தான் வந்தது. ஹோட்டலில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், அவனையும் நிறுத்தினார்கள். மாலைதீவு மகன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்த வாப்பாவிடம் அதைச் சொல்ல முகம் வரவில்லை. கண்டி டவுனில் ஒரு அறை. பகலில் வெளியே வரமாட்டான். நோன்பு வந்ததும் வீட்டு ஞாபகம் தாங்கவில்லை. துறக்கிற நேரம் தெருவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பதால் பஸ் ஏறி வந்து, பூட்டிய கடைகளின் பின்னால் நின்று, பள்ளிப் பாங்கைக் கேட்டுத் தங்கச்சியோடு போனில் பேசிவிட்டுத் திரும்பிவிடுவான். அன்றைக்குத்தான் வாப்பாவிடம் சொல்லிவிடுவோம் என்று உள்ளே போனான். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் மாடிப்படியில் ஏறத் தொடங்கினார். அவர் கையைப் பிடித்து இழுத்தான். அவர் உதறினார்.

“தள்ளல்ல,” என்றான். “கைய உட்டுட்டன். அவ்வளவுதான்.”

தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று ஷிராஸ் கேட்டான். தூக்கிக்கொண்டு ஓடியவன் எங்கே இருக்கிறான் என்பது மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மஃரிப் தொழுதுவிட்டு வருகிறேன் என்று அவன் கேட்டான். மங்களேஸ்வரி தலையசைத்தாள். அறைக்குள் பாயை விரித்தான். ஷிராஸ் ஒரு நிமிஷம் அங்குமிங்கும் பார்த்தான், கையைக் கழுவிக்கொண்டான், உள்ளே போய் அவன் பக்கத்தில் தோளோடு தோள் சேர்ந்து நின்றான். ஓடிவிடாமல் பார்க்கவா, தனியாகத் தொழ விடக்கூடாது என்றா, அதை அவள் பிறகும் கேட்கவில்லை.

லோயருக்குக் கோல் எடுத்தாள். அவர் முதலில் குரலை அடையாளம் காணவில்லை. பாஸ்போட் என்றாள், கடைசி முத்திரை என்றாள், பொலிசோடு வாங்கோ என்றாள். சஞ்சீவனிக்கு இண்டைக்கே சொல்லிவிடுங்கோ, நாளைவரைக்கும் வைச்சிருக்க வேண்டாம் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பல் இருந்த குழியில் ஒரு ஊசி முனை தட்டியது. பிறகு இன்னொன்று. விறைப்பு விட்டுக்கொண்டு வந்தது. தாடையெலும்பு முழுக்க மெல்ல மெல்ல அவளுடையதாகத் திரும்பி வந்தது. வலியோடுதான் வந்தது.

ஜஹானா அசையாமல் இருந்தாள். கஞ்சியில் ஆடை படர்ந்திருந்தது. ஈத்தம்பழம் இன்னும் விரலில்தான். விடியலிலிருந்து அவள் ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்பது மங்களேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது.

“துறவும் பிள்ளை. நேரம் போயிட்டுது.”

ஜஹானா சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தாள். முள் ஏழை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“இப்பதான் அங்க பாங்கு செல்லி முடிஞ்சீக்கும்,” என்றாள்.

பழத்தை வாயில் வைத்தாள்.